புற்றுநோய் மருந்துக்குப் பணம்: எந்த வழி, யாருக்கு, எத்தனை மாதத்துக்கு?

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. பரிசோதனையில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் தெரிந்ததால், தினம் ஒன்றாக ஆசிமெர்டினிப் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். "நகையை வைத்தால் இரண்டு மாதம் ஓடும் அண்ணா. மூன்றாவது மாதம் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலமைச்சர் காப்பீடு பார்க்கவா, கம்பெனியின் இலவசத் திட்டத்தில் சேரவா, ஆன்லைனில் நிதி கேட்கவா?"

இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஓராண்டு டிராஸ்டுசுமாப் ஊசி போட்டபோது இந்த வாசல்களில் பெரும்பாலானவற்றில் ஏறி இறங்கியவன். தப்பான வரிசையில் ஏறி இறங்கினேன். அந்த வரிசை இன்னொரு வீட்டில் தப்பிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

அந்தப் பெண் கேட்ட "மூன்றாவது மாதம்" என்ற சொல்லிலேயே முதல் அளவுகோல் இருக்கிறது. மருந்து எத்தனை மாதத்துக்கு? சில மருந்துகளுக்கு முடிவுத் தேதி உண்டு: ஆறு சுற்றுக் கீமோ, ஓராண்டு ஊசி. வேறு சில, நோய் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை நிற்காமல் போகும். முதல் வகைக்கு ஒரே தடவை வரும் பெரிய தொகை பொருந்தும். இரண்டாம் வகைக்கு, சிறிதானாலும் மாதாமாதம் வருகிற வழிதான் வேண்டும். நான் பார்த்த குடும்பங்களில் பல, ஒருமுறைப் பணத்தை முடிவில்லாத மருந்தில் போட்டு நடுவழியில் நின்றன.

அடுத்தது, பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது. அடுத்த ஊசி 21 நாளில் என்றால், இரண்டு மாதம் கழித்து வரும் உதவி அந்த ஊசிக்கு உதவாது.

மூன்றாவது, ஒரு வழியில் போனால் இன்னொரு கதவு அடைபடுமா? இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான்காவது, மருந்துக்கு வெளியே ஆகும் செலவு: பஸ், ரயில், தங்கல், ஸ்கேன், கூடப் போகிறவரின் கூலி நாள்.

## முதல் வழி: சீட்டில் இருப்பதையே மலிவாக்குவது

பணம் தேடக் கிளம்பும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யாரிடமும் கை நீட்டாமல் செலவைப் பாதியாக்கவும், சில சமயம் பத்தில் ஒன்றாக்கவும் முடிகிற வழி இது ஒன்றுதான்.

நம் நாட்டில் இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை, நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் என்ற பெயரில் மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய்க்கு விற்றது. அதே மருந்தை வேறு கம்பெனிகள் செய்து விற்கும் ஜெனரிக் மாத்திரை அப்போது 8,000 முதல் 10,000 ரூபாய். அந்த மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2012 மார்ச்சில், பேயர் நிறுவனத்தின் சோராஃபெனிப் மருந்துக்கு நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை இருந்தும் வேறு கம்பெனி தயாரிக்க அரசு தரும் அனுமதி, கிடைத்தது. மாதம் 2,80,428 ரூபாய் இருந்த மருந்து 8,880 ரூபாய்க்கு இறங்கியது. 2023 ஜனவரியில் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை முடிந்து, மார்பகப் புற்றுநோய்க்கான அந்த மாத்திரைக்கும் ஜெனரிக் வந்துவிட்டது. ஊசி மருந்துகளில் ரிட்டுக்ஸிமாப்புக்கு 2007 முதலும், டிராஸ்டுசுமாப்புக்கு 2014 முதலும் இந்தியத் தயாரிப்புகள் கிடைக்கின்றன. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "டாக்டர், இதே மருந்து ஜெனரிக்கில் இருக்கிறதா? நீங்கள் நம்பும் கம்பெனி எது?"

இரண்டாவது கேள்வி எங்கே வாங்குவது என்பது. அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கும் விநியோகஸ்தர் தரும் விலைக்கும் இடையே மலையளவு வித்தியாசம் இருக்கும். 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபம் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கட்டுப்படுத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, 12 விழுக்காடு இருந்த மற்ற மருந்துகளுக்கு 5 விழுக்காடு. ஆகவே பழைய எம்.ஆர்.பி.யை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மக்கள் மருந்தகங்களில் லெட்ரோசோல், டமாக்ஸிஃபென், கேப்சிடாபின் போன்ற மாத்திரைகளைக் கேட்டுப் பாருங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் இருக்கும் அம்ரித் மருந்தகங்கள் புற்றுநோய், இதய நோய் மருந்துகளை மலிவாகத் தரத் தொடங்கியவை.

எங்கள் வீட்டுக் கதை இங்கேதான் வருகிறது. முதல் நான்கு ஊசிகளையும் நாங்கள் போன தனியார் மருத்துவமனையின் உள்மருந்தகத்திலேயே முழு எம்.ஆர்.பி.க்கு வாங்கினோம். "வெளி மருந்து ஏற்க மாட்டோம்" என்றார்கள், நம்பிவிட்டேன். ஐந்தாவது ஊசிக்குக் காசில்லாமல் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டபோது, ரசீதும் குளிர்பெட்டியும் இருந்தால் ஏற்கலாம் என்று பதில் வந்தது. விநியோகஸ்தரிடம் அதே குப்பி ஏறக்குறையப் பாதி விலை. அதற்குள் எங்கள் வயல் கைவிட்டுப் போய்விட்டது. உள்மருந்தகத்திலேயே வாங்கச் சொல்லும் வழக்கம் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2025 மார்ச்சில், இதற்கு மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று முடிந்தது. எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையில் முடியாது என்பது எழுத்தில் பெரும்பாலும் முடிகிறது. ஆனால் இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டும். மே மாத வெயிலில் டவுன் பஸ்ஸில் பையில் போட்டுக் கொண்டுபோனால், மிச்சம் பிடித்த பணமும் மருந்தும் சேர்ந்தே போகும்.

குப்பிக் கணக்கு ஒன்றும் சொல்கிறேன். அம்மா 55 கிலோ. முதல் ஊசி கிலோவுக்கு 8 மில்லிகிராம், அதாவது 440: ஒரு பெரிய குப்பி சரியாகத் தீர்ந்தது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 வீதம் 330. ஒவ்வொரு முறையும் 110 மிச்சம். 440 மில்லிகிராம் குப்பியை அதனுடன் வரும் கிருமித்தடுப்பு நீரில் கரைத்தால் குளிர்பெட்டியில் 28 நாள் வைக்கலாம். அடுத்த ஊசியோ 21 நாளில் வந்துவிடும். மிச்சத்தைப் பெயர் எழுதி மருத்துவமனையிலேயே வைத்தால் நான்கு ஊசிக்கு மூன்று குப்பி போதும். ஓராண்டின் 18 ஊசிக்கு 18 குப்பிக்குப் பதில் 14. இதை எனக்குச் சொன்னவர் ஒரு செவிலியர் அக்கா. முதல் நாளிலேயே தெரிந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

மூன்றாவது கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கும்: "இதற்குப் பதில் வேறு சிகிச்சை உண்டா? வித்தியாசம் எவ்வளவு?" தேனிப் பெண்ணின் அப்பா விஷயத்தையே எடுப்போம். ஆசிமெர்டினிப்பையும், ஜெனரிக்கில் கிடைக்கும் ஜெஃபிடினிப், எர்லோடினிப் ஆகிய பழைய மாத்திரைகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், நோயாளிகளில் பாதிப் பேர் தாண்டிய ஆயுட்காலம் புதியதில் 38.6 மாதம், பழையதில் 31.8 மாதம். புதியது மேல்தான். ஆனால் பழையதும் ஒன்றுமில்லாதது கிடையாது. அதோடு மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில், ஜெஃபிடினிப்போடு கீமோவும் சேர்த்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 ஆனது, பக்கவிளைவும் கூடியது. இரண்டு மாதம் புதிய மாத்திரை, பிறகு எதுவுமில்லை என்ற நிலையைவிட, இடைவிடாமல் கிடைக்கும் பழைய சிகிச்சை பல வீடுகளுக்குப் பொருந்தும். முடிவு மருத்துவருடையது. ஆனால் உங்கள் வீட்டு வருமானத்தை நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

அளவைக் குறைத்த ஆய்வுகளும் உண்டு. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப் ஊசியை வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் வெறும் 20 மில்லிகிராமாக, மலிவு மாத்திரைகளோடு சேர்த்து டாடா மருத்துவர்கள் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 16.3 விழுக்காடு, இந்த ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 விழுக்காடு. இதெல்லாம் மருத்துவர் முடிவுசெய்வது. காசை மிச்சப்படுத்த வீட்டில் நாமாக நாள் விட்டு நாள் மாத்திரை கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மருந்துக்கு நோய் பழகிப்போக அதுவே வழிவிடும்.

## இரண்டாவது வழி: முதலமைச்சர் காப்பீடும் அரசு, அறக்கட்டளை மருத்துவமனைகளும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. வழியாக வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போனால் அட்டை. தொடர் மருந்துக்கு இது நல்ல வழி, ஏனென்றால் ஆண்டுதோறும் தொகை புதுப்பிக்கப்படுகிறது.

குறை என்னவென்றால், திட்டத்தில் சிகிச்சைகள் தொகுப்புத் தொகுப்பாக இருக்கின்றன. உங்கள் மருந்து தொகுப்பில் இருந்தால் கவலையில்லை. புத்தம் புதிய மாத்திரை இல்லாமல் போகலாம். ஆகவே "காப்பீடு எடுப்பீர்களா" என்று மருத்துவமனையில் கேட்காதீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லி, "இது தொகுப்பில் வருமா, ஒரு சுற்றுக்கு எவ்வளவு" என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். முன் அனுமதி வந்த பிறகே மருந்து. கைக்காசு போட்டு வாங்கிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டம் இது இல்லை. கூடுதலாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

இடத்தைத் தேர்வதும் பணத்தைத் தேர்வதுதான். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனை, மதுரை பாலரெங்காபுரம் மையம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் மருந்து விலையே வேறு. தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் உள்ள மருத்துவமனைகள் 40 மருந்துகளுக்குச் சேர்ந்து பேரம் பேசி, 23 முதல் 99 விழுக்காடு வரை குறைத்து வாங்கியிருக்கின்றன. தனியாரில் பாதி முடித்துவிட்டு இங்கே வந்தால் மறுபடி பயாப்ஸி சதைத்துண்டு வைத்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டுவரச் சொல்வார்கள், வரிசையில் காத்திருக்க வேண்டும். மாறுவதானால் சிகிச்சை தொடங்கும் முன்பே மாறுங்கள்.

பயணச் செலவுக்கு ஒன்று: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு 75 விழுக்காடு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

## மூன்றாவது வழி: சொந்தக் காப்பீடும் ஈ.எஸ்.ஐ.யும்

பாலிசி ஏற்கெனவே இருந்தால் எடுத்துப் படியுங்கள். வாய்வழிக் கீமோவையும், உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டு நோயைத் தாக்க ஊசியாகப் போடும் இம்யூனோதெரபியையும் காப்பீட்டு நிறுவனங்கள் மொத்தமாக விலக்கிவிட முடியாது. ஆனால் அதற்கு உள்வரம்பு வைக்கலாம். பத்து லட்சம் பாலிசியில் மாத்திரைக்கு அதில் ஒரு பகுதி மட்டும் என்று எழுதியிருக்கும். அந்த வரிதான் உங்களுக்கு முக்கியம். நோய் தெரிந்த பிறகு புதிய தனிநபர் பாலிசி எடுப்பதால் இப்போதைக்குப் பயனில்லை. மகனோ மகளோ வேலை பார்க்கும் இடத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான குழுக் காப்பீடுகள் ஏற்கெனவே உள்ள நோயையும் ஏற்கும்.

மில்லிலும் கம்பெனியிலும் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யை மறந்தே போகிறார்கள். தகுதிக் காலம் முடிந்திருந்தால் புற்றுநோய்ச் சிகிச்சை அதில் வரும். நோயாளியே தொழிலாளியாக இருந்தால் நீட்டித்த நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். கூலி நின்றுபோவதை ஈடுகட்டும் வழி வேறு எதிலும் இந்த அளவுக்கு இல்லை.

## நான்காவது வழி: மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டம்

2002இல் கிளிவெக்கை இலவசமாகத் தரும் திட்டம் மேக்ஸ் அறக்கட்டளை வழியாக வந்து, இந்தியாவில் எத்தனையோ ரத்தப் புற்றுநோயாளிகளைக் காப்பாற்றியது. இன்று பெரும்பாலும் இத்தனை வாங்கினால் மீதி இலவசம் என்ற வகைதான். மருத்துவர் எழுதித் தந்தால்தான் சேர முடியும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அசல் பிராண்ட் ஊசி 40,000 ரூபாய், ஆறு வாங்கினால் மீதிப் பன்னிரண்டும் இலவசம் என்றால் மொத்தம் 2,40,000. இந்தியத் தயாரிப்பு ஊசி 15,000 என்றால் 18க்கு 2,70,000. அசலே லாபம். ஆனால் நான்காவது ஊசியோடு மருத்துவர் மருந்தை மாற்றிவிட்டால் அசலுக்கு 1,60,000 போயிருக்கும், மற்றதற்கு 60,000. ஆக, முடிவுத் தேதியுள்ள சிகிச்சைக்குத் திட்டம் நல்லது. முற்றிய நோயில், மருந்து வேலை செய்யுமா என்றே தெரியாத முதல் மாதங்களில், முன்பணத்தைக் கொட்ட வைக்கும் திட்டம் ஆபத்து. இலவசக் கட்டம் எத்தனை காலத்துக்கு, திட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

## ஐந்தாவது வழி: நிவாரண நிதிகள்

பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு மருத்துவமனையின் மதிப்பீட்டுச் சான்றும் வருமானச் சான்றும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். தொகை மருத்துவமனைக்கே போகும், செலவின் ஒரு பகுதிதான் வரும், ஏற்கெனவே செலவழித்ததற்குக் கிடைக்காது. கதவு அடைபடுவது என்றேனே, அது இதுதான்: நகையை விற்று முதலில் கட்டிவிட்டால் அந்தத் தொகைக்கு இந்த நிதியைக் கேட்க முடியாது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு, மண்டலப் புற்றுநோய் மையங்களில் சிகிச்சை பெற்றால், சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளி நிதியிலிருந்து 15 லட்சம் வரை வாய்ப்புண்டு. அடையாறு அப்படி ஒரு மையம். இவை எலும்பு மஜ்ஜை மாற்று, அறுவை, ஓராண்டு ஊசி போன்றவற்றுக்குப் பொருத்தம். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

## ஆறாவது வழி: கூட்டுநிதி, நகை, நிலம்

இணையத்தில் நிதி கேட்டால் முதலில் தருகிறவர்கள் உங்கள் சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும்தான். முகம் தெரியாதவர்கள் பிறகே வருகிறார்கள். இரண்டாம் முறை கேட்கும்போது தொகை குறைந்துவிடும். தளம் எத்தனை விழுக்காடு பிடிக்கும் என்று பாருங்கள். நோயாளியின் படத்தைப் போடும் முன் அவரிடம் கேளுங்கள். அம்மா வேண்டாம் என்றார், அதை மதித்தோம்.

நகையை விற்பதைவிட வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வைப்பது மேல். காப்பீடு அனுமதி வரும்வரை சில வாரங்களைத் தாண்டவே அது. கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள். தமிழகத்தில் அது 2003 முதல் சட்டப்படி குற்றம். மருந்து நின்ற பிறகும் அந்த வட்டி நிற்காது.

## எல்லை தாண்டி வரும் மருந்து

வங்காளதேசத்தில் ஆசிமெர்டினிப் போன்றவற்றின் ஜெனரிக் மிகக் குறைந்த விலையில் உண்டு. ஏழை நாடுகளுக்கான காப்புரிமை விலக்கில் அவை தயாராகின்றன. சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி பெறும் சட்ட வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசி, பில் இல்லாமல் கூரியரில் வாங்குவது வேறு. 2024 மார்ச்சில், காலிக் குப்பிகளில் போலி மருந்தை நிரப்பி விலையுயர்ந்த ஊசியாக விற்ற கும்பலை டெல்லி போலீஸ் பிடித்தது. பேட்ச் எண்ணோடு பில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். உங்கள் காலிக் குப்பியின் லேபிளையும் கிழித்துவிடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| வழி | எவ்வகை மருந்துக்கு | வேகம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| ஜெனரிக், மாற்றுச் சிகிச்சை | எல்லாவற்றுக்கும் | அன்றைக்கே | குளிர்பெட்டி, அலைச்சல் |
| முதலமைச்சர் காப்பீடு | தொகுப்பில் உள்ள தொடர் மருந்து | முன் அனுமதி வரும்வரை | பயணம், கூலி நாள் |
| சொந்தக் காப்பீடு, ஈ.எஸ்.ஐ. | தொடர் மருந்து | பாலிசி இருந்தால் விரைவு | உள்வரம்பு, பரிந்துரை வரிசை |
| கம்பெனித் திட்டம் | முடிவுத் தேதி உள்ளது | முதல் பெட்டிகளுக்குக் கைக்காசு | பாதியில் நின்றால் முன்பணம் |
| நிவாரண நிதி | ஒருமுறைப் பெருஞ்செலவு | மெது | முன்பே கட்டினால் கிடைக்காது |
| கூட்டுநிதி, நகை | இடைப்பட்ட வாரங்கள் | விரைவு | வட்டி, தளக் கட்டணம் |

வருமான வரி கட்டுகிறவர்கள், பழைய வரிமுறையில் இருந்தால், புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1,00,000 வரையும் கழிவு கேட்கலாம். சிறு தொகைதான், ஆனாலும் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

## தேனிக்கு எழுதிய பதில்

நகையை இன்னும் வைக்க வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள் என்று எழுதினேன். அப்பாவின் பயாப்ஸி, மரபணு அறிக்கையோடு மதுரையிலோ அடையாற்றிலோ இரண்டாம் கருத்து. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று அதே வாரத்தில். மருத்துவரிடம், "எங்களால் மாதம் இவ்வளவுதான் முடியும், அதற்குள் அப்பாவுக்கு நிற்காமல் தரக்கூடியது எது" என்ற கேள்வி. ஆசிமெர்டினிப்தான் என்று அவர் உறுதியாகச் சொன்னால், கம்பெனித் திட்டத்தின் எழுத்துபூர்வ விவரம் வந்த பிறகு நகை. அந்த மாத்திரைக்கு 2024இல் சுங்க வரி நீக்கப்பட்டு, ஜி.எஸ்.டி.யும் 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது; ஆகவே அவருக்குச் சொன்ன விலை பழையதா என்றும் கேட்கச் சொன்னேன்.

நேற்று பதில் வந்தது. மருத்துவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினாராம். ஜெஃபிடினிப்போடு கீமோ என்று முடிவாகியிருக்கிறது, கீமோ காப்பீட்டில். திங்கட்கிழமை முதல் சுற்று. அப்பாவுக்கு ரயில் சலுகைப் படிவம் எந்த அறையில் தருவார்கள் என்று கேட்டிருந்தார்.